சதை எடுத்து அனுப்பினார்களா? முடிவு கேட்கத் தவறாமல் போங்கள்!

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நம் மக்கள் பலர், வீட்டுக்குப் போகுமுன் தோட்ட மருந்தகத்தில் நுழைந்து என்னிடம் குறைப்பட்டுக் கொள்வது வழக்கம். “ஐயா, வாய்ப் புண்ணுல ஒரு துண்டு சதைய வெட்டி எடுத்துட்டாங்க. ஒரு ஊசி இல்ல, ஒரு டானிக் இல்ல. வலி மாத்திரை மட்டும் கையில கொடுத்து, ரெண்டு வாரம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்க. இது என்னா வைத்தியம்?” என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். புண்ணோடு போனவருக்கு இன்னொரு புண்ணையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. வெட்டிய இடமும் ஆறிவிடுகிறது. பிறகு சம்பள நாள் வருகிறது, கோயில் திருவிழா வருகிறது, உறவில் ஒரு கல்யாணம் வருகிறது. வரச் சொன்ன தேதி சீட்டிலேயே நின்று போகிறது. ஆஸ்பத்திரிக் கோப்பில் ஒரு தாள் மட்டும் அவருக்காகக் காத்துக் கிடக்கிறது.

அந்தத் தாள் எப்படித் தயாராகிறது, அதற்கு ஏன் இத்தனை நாள் பிடிக்கிறது என்பதை இந்த இதழில் சொல்லலாமென்று இருக்கிறேன். வெட்டி எடுத்த சதைத் துண்டு நம்மை விட்டுப் போன பிறகு அதற்கு என்னென்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் ஆளுக்கொரு கதை கட்டிவிடுகிறார்கள்.

கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. வெற்றிலை போடுகிற ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது உடைந்த பல் உராய்ந்து உராய்ந்து தடித்த இடமாக இருக்கலாம். பூஞ்சையாக இருக்கலாம், பூஞ்சை என்றால் துணியால் துடைக்கும்போது பெரும்பாலும் உரிந்து வரும். துடைத்தாலும் போகாத, நாளடைவில் புற்றாக மாறக் கூடிய திட்டாகவும் இருக்கலாம். அல்லது புற்றே ஏற்கெனவே வேர் விட்டிருக்கலாம். வெளிப்பார்வைக்கு இவையெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் இருக்கும். நெடுநாள் அனுபவமுள்ள டாக்டர் கூடச் சந்தேகப்படலாமே தவிர, அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு துண்டு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தாக வேண்டும். இதைத்தான் ‘பயாப்சி’ என்கிறார்கள்.

வாயைப் பற்றி முதலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியர்களிடம்தான் வாய்ப் புற்று அதிகமாகக் காணப்படுகிறது. வெற்றிலை பாக்குப் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். “நான் புகையிலை சேர்க்கறதில்ல ஐயா, வெறும் பாக்குத்தான்” என்று சொல்லும் பாட்டிமார்கள் நிறைய. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1985-இல் அறிவித்தது. 2004-இல் வெளியிட்ட ஏட்டில், புகையிலை இல்லாத வெற்றிலையும், அதிலுள்ள பாக்கும் கூட அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே வெறும் பாக்கு என்று ஒன்று கிடையாது. காரம் கொஞ்சம் பட்டாலே வாய் எரிகிறது, வாயை முன்போலத் திறக்க முடியவில்லை, மூன்று விரலை நிறுத்தி உள்ளே விட முடியவில்லை என்றால், புண் இருக்கிறதோ இல்லையோ, காட்டிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண்ணும் அப்படியே.

புட்டியில் இருப்பது தண்ணீர் அல்ல

சதையை எடுத்தவுடன் ஒரு சின்னப் புட்டிக்குள் போடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் மூக்கும் கண்ணும் எரியும். அதுதான் ஃபார்மலின். பழைய ரப்பர் ஸ்டோர்களில் வேலை செய்த பெரியவர்கள் சிலருக்கு இந்த வாடை தெரிந்திருக்கும். பால் சீக்கிரம் உறைந்து போகாமலிருக்க அம்மோனியா கலப்பது போல ஃபார்மலினும் கலப்பதுண்டு. சதையில் அது செய்யும் வேலை வேறு.

நம் உடம்பிலிருந்து பிரிந்த சதை மத்தியான வெயிலில் வைத்த மீன் மாதிரி. ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்தே அது தன்னைத் தானே கரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரம் போனால் உயிரணுக்களின் உருவம் குலைந்து, எது எது என்று அடையாளம் தெரியாது. ஃபார்மலின் அந்தச் சிதைவை நிறுத்துகிறது. முட்டையை அவித்தால் வெள்ளைக் கரு கெட்டிப்பட்டு அந்த உருவத்திலேயே நின்று விடுகிறதல்லவா? நெருப்பில்லாமல் ஏறக்குறைய அந்த வேலையை ஃபார்மலின் செய்கிறது. சதையிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, எடுத்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்தி வைக்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. ஜெர்மனியில் பெர்டினாண்ட் புளூம் என்ற டாக்டர், கிருமி கொல்லும் மருந்தாக ஃபார்மலினைச் சோதித்துக் கொண்டிருந்தார். தம் விரல் தோல் கெட்டிப்பட்டு விறைத்துப் போவதைக் கவனித்தார். விரலைக் கெட்டிப்படுத்துகிற சரக்கு ஆய்வுக்கு எடுத்த சதையையும் கெட்டிப்படுத்தும் என்று யோசித்து, 1893-இல் எழுதி வெளியிட்டார். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் உலகம் பூராவும் அந்த முறைதான்.

ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகத்தான் ஊறும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். போகப் போக இன்னும் மெதுவாகும். சின்னத் துண்டுக்குக் கூட ஆறு மணி நேரமாவது வேண்டும். பெரிய கட்டியென்றால் லேப்பில் அதைக் கீறிப் பிளந்து ஒரு நாளுக்கு மேலும் ஊற விடுவார்கள். சதையின் அளவைப் போல பத்திலிருந்து இருபது மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, நீங்கள் எதிர்பார்க்கும் இரண்டு வாரத்தில் முதல் நாள் இங்கேயே போய்விட்டது.

நம் பக்கத்தில் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருக்கு முதுகில் கட்டி. வெளியே ஒரு கிளினிக்கில் அறுத்து எடுத்து, வெறும் தண்ணீர் ஊற்றிய மருந்துப் புட்டியில் போட்டு அவர் கையிலேயே கொடுத்து, “ஆஸ்பத்திரியில கொடுங்க” என்று அனுப்பியிருக்கிறார்கள். அவரும் அன்றைக்கு பஸ் இல்லையென்று மறுநாள் கொண்டு போனார். ‘சிதைந்து விட்டது, எதுவும் சொல்ல இயலாது’ என்று பதில் வந்தது. அந்த மனிதர் மறுபடி கத்திக்குப் படுக்க வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் கையில் புட்டியைக் கொடுத்து அனுப்பினால், “இதுல ஃபார்மலின் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது தப்பில்லை. புட்டியில் உங்கள் பேரும் அடையாளக் கார்டு நம்பரும் எழுதியிருக்கிறதா, கூட வரும் பாரத்தில் உள்ளதும் அதுவும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்து விடுங்கள். நம் தோட்டங்களில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள். புட்டியை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மெழுகுக் கட்டியும் மெல்லிய சீவலும்

லேப்பில் நோயியல் டாக்டர் முதலில் துண்டை அளந்து, அதன் நிறம், பருமன் எல்லாம் எழுதி வைப்பார். முழுக் கட்டியாக இருந்தால் அதன் வெளிப்புறத்தில் மை தடவுவதும் உண்டு. பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, புற்று அந்த மைக்கோடு வரை எட்டியிருக்கிறதா, நடுவிலேயே நின்றுவிட்டதா என்று தெரியும். மையைத் தொட்டிருந்தால் உடம்பில் மிச்சம் இருக்கலாமென்று பொருள். ஆப்ரேஷன் செய்தவருக்கு இது மிக முக்கியமான செய்தி.

அடுத்து, சதையை வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். மிருதுவான சதையை அப்படிச் சீவ முடியாது. அதற்குள் மெழுகு ஏற்ற வேண்டும். இங்கே ஒரு சங்கடம். சதை முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்கும் மெழுகுக்கும் ஒட்டாது. ஆகவே முதலில் ஆல்கஹாலில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையைக் கூட்டித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். ஆல்கஹாலுக்கும் மெழுகுக்கும் ஒத்துவராது. இரண்டு வீட்டுக்கும் பேச ஒரு தரகர் வேண்டுமே. அதற்குத்தான் சைலீன் என்ற திரவம். அது ஆல்கஹாலோடும் சேரும், மெழுகோடும் சேரும். கடைசியில் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் உருக்கிய மெழுகு உள்ளே இறங்கும். இதையெல்லாம் ராத்திரி முழுக்க ஓடும் ஒரு மெஷின் பார்த்துக் கொள்கிறது. காலையில் சதை, மெழுகுக் கட்டிக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற கருவியில் பூட்டிச் சீவுகிறார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். நீங்கள் ஒரு வெட்டில் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். அதற்கு மேல் போனால் கங்காணி சத்தம் போடுவார். மைக்ரோடோம் சீவுவது 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. உங்கள் ஒரு பட்டைச் சீவலின் தடிப்புக்குள் இப்படி முந்நூறு சீவலுக்கு மேல் எடுக்கலாம்! மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பார்கள். இந்த வேலைக்கு மெஷின் இருந்தாலும் கைப் பக்குவம்தான் பெரிது. கத்தி மழுங்கினால் சீவலில் கீறல் விழும், மரத்தில் காயம் படுகிற மாதிரி.

சாயம் போட்டால்தான் பேசும்

இத்தனை பாடுபட்டு எடுத்த சீவலை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. உயிரணுக்களுக்குச் சொந்த நிறம் அநேகமாகக் கிடையாது. எல்லாம் கண்ணாடி மேல் படிந்த பனி மாதிரி இருக்கும். சாயம் ஏற்ற வேண்டும்.

ஸ்லைடுக்குச் சாயம் போடுவது நம் தோட்ட மக்களுக்கு அறவே புதிதல்ல. மலேரியாக் காலத்தில் காய்ச்சல் என்று போனால் விரலில் குத்தி, கண்ணாடியில் ரத்தம் தேய்த்து எடுத்துக் கொண்டு போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் போட்டது ஜீம்சா சாயம். மலேரியாக் கிருமியின் உடல் நீலமாகவும் அதன் கரு சிவப்பாகவும் தெரியும். கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டபோது அதற்கு நோயியல் கழகம் என்றுதான் பெயர். இந்த மண்ணில் மைக்ரோஸ்கோப்புக்கு அவ்வளவு பழைய வரலாறு உண்டு.

சதைச் சீவலுக்குப் போடுவது இரண்டு சாயம். ஒன்று ஹெமடாக்ஸிலின், மற்றது இயோசின். முதலாவது சாயம் ஒரு மரத்திலிருந்து வருகிறது என்றால் நம்புவீர்களா? மெக்சிகோ நாட்டில் கம்பீச்சி என்ற பகுதி உண்டு. அங்கே விளைகிற ஒரு மரத்தின் நடுக்கட்டையை நறுக்கி ஊற வைத்தால் இந்தச் சாயம் இறங்கும். துணிக்குச் சாயம் போட இந்தக் கட்டையைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். இதை வெட்ட வந்த வெள்ளைக்காரர்கள் போட்ட குடியேற்றம்தான் இன்றைக்கு பெலீஸ் என்று ஒரு நாடாகவே இருக்கிறது. நம் பால்மரமும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது. 1877-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கிய 22 கன்றுகள் நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தன. அந்த மரம் நமக்கு வேலை கொடுத்தது. இந்த மரம் நம் நோயைக் காட்டிக் கொடுக்கிறது.

கட்டைச் சாயம் எடுத்தவுடன் வேலை செய்யாது. காற்றில் பட்டுப் பழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் வெயிலில் வைத்துப் பழுக்க விட்டார்கள். இப்போது மருந்து சேர்த்து உடனே பழுக்க வைக்கிறார்கள். பழுத்தாலும் தனியாக அது சதையைப் பிடிக்காது. பிடிக்க வைப்பது எது தெரியுமா? படிகாரம். முகச் சவரம் செய்துவிட்டுத் தேய்த்துக் கொள்கிறோமே, அதே படிகாரம். ஜெர்மனிக்காரரான பேமர் என்பவர் 1865-இல் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டினார். உயிரணுவின் நடுவிலிருக்கும் உட்கருவில் புளிப்புத் தன்மையுள்ள மரபுப் பொருள் நிறைந்திருக்கிறது. படிகாரம் சேர்ந்த சாயம் அதைத்தான் தேடிப் போய் ஒட்டிக் கொள்ளும்.

முதலில் ஏறும் நிறம் செவ்வூதா. அந்த ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரிலோ சோடா உப்புக் கலந்த தண்ணீரிலோ கழுவினால் நீலமாக மாறிவிடும். மந்திரம் ஒன்றுமில்லை, தாய்மார்களே! ஆரத்தி எடுக்கும்போது நீங்களே செய்கிறீர்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகிறதே, அதே கதைதான். சில சாயங்களுக்குப் புளிப்பில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம். சங்குப் பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது இயோசின். 1870-களில் ஜெர்மனியில் ரசாயனத்தில் செய்த சாயம் இது. சிவப்பு மைக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெயருக்குக் கிரேக்க மொழியில் விடியற்காலை என்று பொருள் வரும். விடியற்காலை வானம் போன்ற இளஞ்சிவப்புத்தான் அதன் நிறம். அது உட்கருவை விட்டுவிட்டு, உயிரணுவின் மற்ற உடலையும், தசையையும், நாரையும் சிவக்க வைக்கும். ஆக முடிவில் சிவப்பு மைதானத்தில் நீலப் புள்ளிகள். அதன் மேல் கண்ணாடிச் சில்லு ஒட்டி, டாக்டர் மேஜைக்குப் போகிறது.

டாக்டர் என்ன பார்க்கிறார்?

நல்ல நிலையிலுள்ள வாய்த் தோலைப் பார்த்தால் நல்ல மேனேஜர் இருக்கும் தோட்டம் மாதிரி இருக்கும். அடியில் ஒரே வரிசையாக இளம் உயிரணுக்கள், கன்று மேடை போல. மேலே வர வர முதிர்ந்து, அகன்று, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்து போகும். அடி வரிசைக்குக் கீழே மெல்லிய எல்லைக் கோடு ஒன்று உண்டு. கன்று மேடையைச் சுற்றி வெட்டிய கான் என்று வைத்துக் கொள்ளுங்கள். எந்த உயிரணுவும் அந்தக் கானைத் தாண்டக் கூடாது.

கெடத் தொடங்கும்போது முதலில் வரிசை குலைகிறது. மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. உட்கரு வீங்கி, நீலம் கறுத்து, ஒன்று போல் ஒன்று இல்லாமல் கோணலாக நிற்கும். இரண்டாகப் பிளந்து பெருகும் உயிரணுக்கள் இருக்கக் கூடாத உயரத்திலெல்லாம் காணப்படும். ஆனாலும் கான் உடையாத வரை அதைப் புற்று என்று சொல்வதில்லை. முன்னெச்சரிக்கை என்றே சொல்வார்கள். இந்த நிலையில் பிடித்துவிட்டால் திட்டை மட்டும் எடுத்து, பாக்கை நிறுத்தி, அடிக்கடி பார்த்துக் கொண்டால் போதும் என்ற வாய்ப்பு பலருக்கு உண்டு. லாலான் புல் கானைத் தாண்டி வேர் ஓடுவது போல, கெட்ட உயிரணுக்கள் கோட்டை உடைத்துக் கீழே இறங்கியிருந்தால் அது புற்று. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நரம்பைத் தொட்டதா, ரத்தக் குழாயில் நுழைந்ததா என்றெல்லாம் அளந்து எழுதுவார். இந்த அளவை வைத்துத்தான் ஆப்ரேஷன் சின்னதா பெரியதா என்று முடிவாகும்.

யோசித்துப் பாருங்கள். கான் உடைந்ததா இல்லையா என்பது மைக்ரோஸ்கோப்பில் நூறு மடங்கு, நானூறு மடங்கு பெருக்கிப் பார்க்கிற சமாசாரம். வெளியே தெரிவது ஒரே வெள்ளைத் திட்டுத்தான்.

நீலமும் சிவப்பும் போதாமல் போகும் நேரமும் உண்டு. காசநோய்ச் சந்தேகமென்றால் வேறு சாயம். ஒரு சிவப்புச் சாயத்தைச் சூடு காட்டி ஏற்றி, பிறகு திராவகத்தால் கழுவுவார்கள்; மற்ற எல்லாவற்றிலும் சாயம் போய்விடும், காசநோய்க் கிருமி மட்டும் பிடிவாதமாகச் சிவப்பாகவே நிற்கும். கழுத்துக் கட்டி எல்லாமே புற்று என்று நினைத்துக் கலங்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பார்த்தால் காசநோயாக இருக்கும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். மார்பகப் புற்றுக்கு இன்னொரு வகைச் சோதனை உண்டு. பெண்களுக்குரிய ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் தன்மை அந்தப் புற்றுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் உட்கருக்கள் பழுப்பு நிறமாகும். அப்படியானால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அவருக்கு வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் வேறு மருந்து. “முடிவு வந்துடுச்சு, ஆனா இன்னொரு டெஸ்ட் போட்டிருக்கோம், அடுத்த வாரம் வாங்க” என்று சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். உங்களுக்கு எந்த மருந்து என்று அங்கே தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

“பணக்காரனுக்கு மட்டும் அரை மணி நேரத்துல சொல்லிடறாங்களாமே?” என்று ஒரு தோழர் கூட்டத்தில் என்னைக் கேட்டார். அப்படி ஒரு முறை இருப்பது உண்மை. 1905-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் வில்சன் என்ற டாக்டர் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். சதையை மெழுகுக்குப் பதிலாக உறைய வைத்துச் சீவி உடனே சாயம் போடுவது. நோயாளி ஆப்ரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போதே, இன்னும் வெட்ட வேண்டுமா நிறுத்தலாமா என்று தெரிந்துகொள்ள அது பயன்படும். உறையும்போது சதைக்குள் ஐஸ் முள் விழுந்து படம் கலங்கிவிடும். அதனால் எப்படிப்பட்ட பணக்காரராக இருந்தாலும் மிச்சச் சதையை மெழுகில் போட்டு மறுபடி பார்த்துத்தான் கடைசி முடிவு எழுதுவார்கள். பணம் இருப்பவருக்கு வரிசை குறையலாம். மெழுகு அவருக்கும் அதே நேரத்தில்தான் ஊறும்.

கத்தி பட்டால் பரவுமா?

இந்தப் பேச்சு லயத்துக்கு லயம் இருக்கிறது. “அவருக்குச் சதைய எடுத்தாங்க, மூணு மாசத்துல போயிட்டாரு” என்பார்கள். நான் விசாரித்த வரையில், அப்படிப் போனவர்கள் அநேகமாக ஒரு வருஷத்துக்கு மேல் புண்ணை மூடி வைத்திருந்து, நாட்டு மருந்து பூசி, வாய் திறக்க முடியாத கட்டத்தில் போனவர்கள். பரவிய பிறகு கத்தி வந்தது. பழியைக் கத்தி மேல் போட்டாயிற்று. வாய்ப் புண்ணிலும் மார்புக் கட்டியிலும் துண்டு எடுப்பதால் புற்று பரவி ஆளைக் கொல்லும் என்பது சரியல்ல. சில உறுப்புகளில் எந்த வழியாக எடுக்க வேண்டும், எந்த வழியாக எடுக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. அதை அறிந்துதான் டாக்டர்கள் எடுக்கிறார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முடிவு கேட்கப் போகாதவர்கள் இரண்டு பேரை நான் மறக்கவில்லை. ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை செய்த இளம் தாய். மார்பில் கட்டி. ஊசியால் சதை எடுத்தார்கள். ‘புற்றுன்னு சொல்லிடுவாங்க’ என்ற பயத்தில் நாலு மாதம் போகவே இல்லை. சரியாகச் சாப்பிடவில்லை, பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று தங்கையிடம் பேசி வைத்துவிட்டார். கடைசியில் மாமியார்தான் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போனார். தாள் நாலு மாதத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது: சாதாரண நார்க்கட்டி, புற்று இல்லை. நாலு மாதம் அந்தப் பெண் சும்மா செத்துப் பிழைத்தார்.

மற்றவர் வெற்றிலை போடும் பெரியவர். அவருடைய தாளில் எழுதியிருந்தது, கான் உடையவில்லை, உடனே எடுத்துவிட வேண்டும் என்று. அவர் திரும்பிப் போனது ஒன்றரை வருஷம் கழித்து, கழுத்தில் நெறி கட்டிய பிறகு. பழைய மெழுகுக் கட்டியையும் புதியதையும் வைத்துப் பார்த்ததில் இடையில் என்ன நடந்தது என்பது டாக்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாடையில் பாதியை எடுத்தார்கள். இரண்டு வருஷம் கஞ்சி குடித்து உயிரோடு இருந்தார்.

ஆகவே சதை எடுக்கும் அன்றைக்கே, “முடிவு எந்தத் தேதி, எந்த அறையில் கேட்கணும்?” என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பயத்தில் டாக்டர் சொல்வது பாதி காதில் விழாது. மலாய் சரியாகப் பிடிபடாதவர்கள் படித்த பிள்ளையை அழைத்துப் போகலாம். முடிவின் நகல் ஒன்று கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள் உதவும். மெழுகுக் கட்டியை லேப்பில் பல வருஷம் பத்திரப்படுத்தி வைப்பதால், தேவைப்பட்டால் அதிலிருந்து மறுபடி சீவி வேறொரு டாக்டரும் பார்க்கலாம்.

லீவு கிடைக்காது என்று தேதியை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள் வரை. முடிவு கேட்கப் போகும் நாளுக்கும் ஆஸ்பத்திரியில் சீட்டு கேட்டு வாங்கி வாருங்கள். தகராறு வந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்.

சீட்டைத் தொலைத்தவர்கள், தேதி தாண்டிவிட்டதே இனிப் போனால் திட்டுவார்களோ என்று தயங்குகிறவர்கள், அடையாளக் கார்டை எடுத்துக் கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு, எந்த நாள் போகலாம் என்று கேட்டுச் சொல்கிறேன். மாலைப் பெயர் போட்ட பிறகு வந்தாலும் சரிதான்.